முதல் கல்யாணத்துக்கு எந்த கேமரா?

கையில் ஒரு நல்ல கேமரா இருப்பது சொந்தபந்தத்துக்குத் தெரிந்துவிட்டால், அந்த வேண்டுகோள் என்றாவது ஒருநாள் வந்தே தீரும். “நீதான் நல்லா போட்டோ எடுக்கிறியே, அக்கா கல்யாணத்தை நீயே எடுத்துடுப்பா” என்பார் சித்தப்பா. மறுக்கவும் மனம் வராது, ஒப்புக்கொள்ளவும் நெஞ்சு படபடக்கும். ஒப்புக்கொண்ட அன்றிரவே தேடல் தொடங்கிவிடும். எந்த கேமரா வாங்கலாம், எவ்வளவு செலவாகும், கையில் இருக்கும் கேனான் 1500டி போதுமா?

கடைக்குப் போவதற்கு முன்னால் மண்டபத்துக்குப் போவது நல்லது. கல்யாணத்தில் படம் எடுக்க ஆகக் கடினமான நேரம் எது, அந்த நேரத்தில் எதெல்லாம் கைகொடுக்காமல் போகலாம் என்று பார்த்துவிட்டால், என்ன வேண்டும் என்பது தெளிவாகிவிடும். அப்படிப் பார்க்கும்போது, புத்தம்புதிய விலை உயர்ந்த கேமராவுக்கு அந்தப் பட்டியலில் கிடைக்கும் இடம் பலர் நினைப்பதைவிடக் கீழேதான்.

ஆகக் கடினமான நேரம் தாலி கட்டும் நேரம். முகூர்த்தம் விடியற்காலை 4.30 மணிக்கு என்றால் வெளியே இருட்டு. ஜன்னல் வெளிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓமப் புகை மணவறையின் மேல் படர்ந்து நிற்கும். ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்’ என்று குரல் எழுந்ததும் நாகஸ்வரமும் தவிலும் உச்சத்துக்குப் போகும், உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நெருங்குவார்கள், அட்சதை பறக்கும். மாப்பிள்ளை தாலியை ஏந்திக் குனிந்து, பெண்ணின் பின்கழுத்துக்குக் கையைக் கொண்டுபோய் முதல் முடிச்சைப் போடுவார். பல குடும்பங்களில் அடுத்த முடிச்சுகளை நாத்தனார் போடுவார். பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் கனத்த மாலை தாலியை மறைக்கும், மாப்பிள்ளையின் தோள் பெண்ணின் முகத்தை மறைக்கும். பறக்கும் அரிசிமணியில் ஃபோகஸ் போய் உட்கார்ந்துகொண்டால் இருவர் முகமும் மங்கிப்போகும்.

போன படத்தை மறுபடி எடுக்க முடியாது. நியூயார்க்கில் 2003 டிசம்பரில் திருமணம் செய்துகொண்ட ஒருவர், விழாவின் கடைசி 15 நிமிடங்களைப் புகைப்பட நிறுவனம் எடுக்கத் தவறிவிட்டது என்று 2009-இல் வழக்குப் போட்டார். கொடுத்த 4,100 டாலரைத் திருப்பிக் கேட்டதோடு, உறவினர்களை மறுபடி வரவழைத்துக் கல்யாணத்தை நடத்திப் படம் எடுக்க 48,000 டாலரும் கேட்டார். அப்போது அந்தத் தம்பதி பிரிந்தும் இருந்தார்கள். அந்த வழக்கைப் பற்றி யார் என்ன நினைத்தாலும், தவறவிட்ட 15 நிமிடம் ஒரு குடும்பத்தில் எத்தனை ஆண்டுகள் ஆறாமல் இருக்கும் என்பதற்கு அது ஒரு சாட்சி. நம் ஊரில் அரை நிமிடத் தாலிகட்டைத் தவறவிட்டவரை உறவினர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

முந்தைய தலைமுறையின் கஷ்டம் வேறு மாதிரி. ஸ்டுடியோக்காரர் கழுத்தில் தொங்கிய யாஷிகா போன்ற இரட்டை லென்ஸ் கேமராவில் ஒரு 120 பிலிம் சுருள் போட்டால் 12 படம். 35 மி.மீ. கேமரா என்றால் 36. உதகமண்டலத்தில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் தயாரித்தது. ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு. அதனால் “எல்லாரும் இங்க பாருங்க” என்று நிறுத்தி, நேரே பிளாஷ் அடித்து, அளவாக எடுத்தார்கள். பிளாஷின் வெளிச்சம் போதுமான அளவு வந்துவிடும் என்பதால் லென்ஸின் துவாரம் சிறிதாக இருந்தாலும் காரியம் நடந்தது.

இன்று குடும்பங்கள் கேட்பது கேண்டிட். மணப்பெண்ணின் கண் ஓரத்தில் திரளும் நீர், ஊஞ்சலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் பார்வை, பெண்ணைத் தாரை வார்க்கும்போது அப்பாவின் உதடு துடிப்பது, இவை எல்லாம் முகத்துக்கு நேரே பிளாஷ் அடிக்காமல் வேண்டும். இருக்கிற வெளிச்சத்தில் எடுக்க வேண்டும் என்ற நிலை வந்த பிறகுதான் லென்ஸ் இவ்வளவு முக்கியமானது.

கேமராவோடு கூடவே வரும் 18-55 கிட் லென்ஸை எடுத்துக்கொள்வோம். 55 மி.மீ.க்கு இழுத்தால் அதன் துவாரம் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. ஒரு சராசரி மண்டப வெளிச்சத்தில், விநாடியில் 125-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகத்துக்கு அது ஐஎஸ்ஓ 6400 கேட்கும் என்று வையுங்கள். அதே இடத்தில், அதே வேகத்தில் எஃப் 2.8 லென்ஸ் ஐஎஸ்ஓ 1600-இல் படம் தந்துவிடும், எஃப் 1.8 லென்ஸுக்கு ஐஎஸ்ஓ 640 போதும். 5.6-க்கும் 1.8-க்கும் இடையில் உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய பத்து மடங்கு. எந்தப் புது கேமரா பாடியும் ஒரே தாவலில் பத்து மடங்கு தந்துவிடாது. ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸோ, அந்தந்த நிறுவனத்தின் லென்ஸ்களிலேயே மலிவான ஒன்று.

ஆகவே பட்டியலின் முதல் வரியில் லென்ஸ். முழு அளவு சென்சார், அதாவது 36-க்கு 24 மி.மீ. உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராக்காரர்கள் பெரும்பாலும் 24-70 எஃப் 2.8 ஒன்று, 70-200 எஃப் 2.8 ஒன்று என்று இரண்டு ஜூம்களை வைத்தே முழுக் கல்யாணத்தையும் முடிப்பார்கள். முன்னால் நின்று மணவறையை எடுக்க முதலாவது. பந்தியில் சாப்பிடும் தாத்தாவையும், கூட்டத்தில் கண் துடைக்கும் அம்மாவையும் அவர்கள் அறியாமல் எடுக்க இரண்டாவது. ஆனால் கனத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கேனான் 5டி மார்க் 3 பாடி இரண்டில் இந்த இரண்டு லென்ஸையும் மாட்டித் தோளில் தொங்கவிட்டால் நான்கு கிலோவுக்கு மேல். பிளாஷ் அதற்கு மேலே. முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பிலிருந்து மறுநாள் மதியச் சாப்பாடு வரை அதைச் சுமந்து பழகாதவர்களுக்கு நண்பகலுக்குள் கை நடுங்கத் தொடங்கிவிடும்.

சிறிய சென்சார் உள்ள கேமரா வைத்திருப்பவர் சங்கடப்பட வேண்டியதில்லை. அதில் 50 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேமில் 75 அல்லது 80 மி.மீ. போலத் தெரியும். முகங்களுக்கு அது அருமையான அளவு. நெரிசலான மணவறைக்கு மட்டும் மிக நெருக்கம். அதற்கு 35 மி.மீ. எஃப் 1.8 அல்லது எஃப் 2 வேண்டும். 17-50 எஃப் 2.8 வகை ஜூம்களை சிக்மாவும் டாம்ரானும் பல ஆண்டுகளாகச் செய்துவந்ததால் பழைய சந்தையில் கிடைக்கின்றன. மிரர்லெஸ் கேமராக்காரர்களுக்காக சிக்மா 2021-இல் கொண்டுவந்த 18-50 எஃப் 2.8 லென்ஸின் எடை 300 கிராமைக்கூடத் தொடாது. முதல் கல்யாணத்துக்கு அப்படி ஒரு ஜூமும், ஒரு 50-ம் இருந்தால் தைரியமாகப் போகலாம்.

லென்ஸுக்கு அடுத்தது புது கேமராவா? இல்லை. இரண்டாவது கேமரா.

முதல் முறை எடுப்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கையில் இருக்கும் பழைய கேமராவை விற்று, அதோடு கடனும் வாங்கி, ஒரே ஒரு உயர்ரக கேமரா வாங்கிவிடுவார்கள். முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஷட்டர் சிக்கிக்கொண்டாலோ, படியில் தவறி விழுந்தாலோ, பன்னீர்ச் செம்பு அதன் மேல் கவிழ்ந்தாலோ கதை முடிந்தது. சாதாரண கேமரா இரண்டு வைத்திருப்பவர் அடுத்த நொடியே மற்றதை எடுத்துக்கொள்வார். பழுதே வராவிட்டாலும் பயன் உண்டு: ஒன்றில் அகன்ற லென்ஸ், ஒன்றில் நீண்ட லென்ஸ் என்று மாட்டிக்கொண்டால், கெட்டிமேளம் ஒலிக்கும்போது லென்ஸைக் கழற்றி மாட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். புகையும் மஞ்சள் தூளும் அரிசியும் பறக்கும் இடத்தில் கேமராவின் வாயைத் திறந்தால் சென்சாரில் தூசி ஒட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் முதல் நாளே ஒரே நொடிக்குச் சரிசெய்துவிட வேண்டும். இல்லையென்றால் கணினியில் வரிசைப்படுத்தும்போது மாலை மாற்றுவதற்கு முன்பே தாலி கட்டி முடிந்திருக்கும்.

அமெரிக்காவில் செய்திப்பட பாணியில் கல்யாணம் எடுப்பதைப் பரவலாக்கியவர்களில் ஒருவர் டெனிஸ் ரெஜி. ஜான் எஃப். கென்னடி ஜூனியருக்கும் கரோலின் பெசெட்டுக்கும் 1996 செப்டம்பர் 21 அன்று நடந்த ரகசியத் திருமணத்தை எடுத்தவர் அவர்தான். இடம் ஜார்ஜியா மாநிலக் கடலோரத்தில் உள்ள கம்பர்லேண்ட் தீவு. தரைப்பாலம் கிடையாது. ஒரு சிறிய மரத் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சடங்கு நடந்து, வெளியே வருவதற்குள் இருட்டிவிட்டது. வாசலில் மணமகன் மணமகளின் கையை எடுத்து முத்தமிட்ட அந்த ஒரு கணத்தை ரெஜி பிலிமில் பிடித்தார். உலகமெங்கும் பத்திரிகைகளில் வந்தது அந்தப் படம். எடுத்ததைத் திரையில் சரிபார்க்கும் வசதி கிடையாது, தீர்ந்துபோன பொருளை வாங்க ஓடிப்போகக் கடையும் கிடையாது. கையில் கொண்டுபோனது மட்டும்தான். விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு கிராமத்து மண்டபத்தில் நிற்பவரின் நிலையும் அதுவே. பேட்டரி செல் விற்கும் கடை திறக்கும்போது பெண் புகுந்த வீட்டுக்குக் கிளம்பியிருப்பாள்.

இரண்டாவது கேமராவைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. கேனான் 5டி மார்க் 3, 6டி, நிக்கான் டி750 போன்றவை ஒரு காலத்தில் மண்டபம் மண்டபமாக உழைத்தவை. மிரர்லெஸ் வந்த பிறகு இவற்றின் பழைய விலை நன்றாக இறங்கியிருக்கிறது. வாங்கும்போது எத்தனை முறை ஷட்டர் அடித்திருக்கிறது என்று கேட்க வேண்டும். டி750-க்கு நிறுவனம் சொன்ன ஷட்டர் ஆயுள் 1,50,000 முறை, 6டி-க்கு 1,00,000. ஒரு குறிப்பிட்ட காலத்தில் தயாரான டி750 கேமராக்களின் ஷட்டரில் குறை இருப்பதாக நிக்கானே 2015-இல் அறிவித்து இலவசமாகச் சரிசெய்து தந்தது. விற்பவரிடம் அதையும் விசாரிக்கலாம்.

லென்ஸில் பார்க்க வேண்டியது பூஞ்சை. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில், பையிலேயே பூட்டி வைத்த லென்ஸின் உட்புறக் கண்ணாடியில் வெள்ளை நூல் நூலாகப் படர்ந்துவிடும். லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறு பக்கத்திலிருந்து சாய்த்துப் பார்த்தால் தெரியும். இப்படி ஒரு லென்ஸை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

வாடகையும் நல்ல வழி. சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் கேமராவையும் லென்ஸையும் நாள் கணக்கில் வாடகைக்குத் தருபவர்கள் இருக்கிறார்கள். அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள். 70-200 எஃப் 2.8 லென்ஸை ஆண்டுக்கு நாலைந்து கல்யாணம் எடுப்பவர் விலைக்கு வாங்குவதில் அர்த்தமே இல்லை. இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். கல்யாணத்துக்கு ஒரு நாளாவது முன்னதாக எடுத்து, வீட்டு மாடியிலும் இரவு வெளிச்சத்திலும் எடுத்துப் பழக வேண்டும். பழகாத கேமராவில் ஐஎஸ்ஓ பொத்தானைத் தேடும்போது தாலி ஏறிவிடும். வாங்கும் இடத்திலேயே லென்ஸின் கீறல், அடிபட்ட தடம் எல்லாவற்றையும் கடைக்காரர் முன்னிலையில் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கேமராவில் மெமரி கார்டு செருக இரண்டு இடம் இருப்பது ஆடம்பரமா? தொழில்முறைக் கலைஞர்கள் இதற்காக ஒரு பெரிய நிறுவனத்தோடு மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். 2018-இல் நிக்கானின் இசட்6, இசட்7 கேமராக்கள் ஒரே ஒரு கார்டு இடத்துடன் வந்தபோது, மற்ற எல்லாம் நன்றாக இருந்தும், கல்யாணக் கலைஞர்கள் உலகமெங்கும் முகம் சுளித்தார்கள். 2020-இல் வந்த இசட்6 2, இசட்7 2 இரண்டிலும் இரண்டு இடம் வந்துவிட்டது. காரணம் எளிது. ஒரே படத்தை இரண்டு கார்டிலும் ஒரே சமயத்தில் பதியச் செய்தால், ஒரு கார்டு செத்தாலும் கல்யாணம் பிழைக்கும். 1500டி போல ஒரே இடம் உள்ள கேமராவில் எடுப்பவர், ஒரே பெரிய கார்டில் எல்லாவற்றையும் போடாமல், மாப்பிள்ளை அழைப்புக்கு ஒன்று, முகூர்த்தத்துக்கு ஒன்று, நலங்குக்கு ஒன்று என்று பிரித்துவைத்தால் இழப்பு குறையும். 24 மெகாபிக்சல் கேமராவின் ரா கோப்பு ஒன்று ஏறக்குறைய 25 முதல் 30 எம்பி. 64 ஜிபி கார்டில் இரண்டாயிரம் படத்துக்கு மேல் தாராளமாக நிற்கும். நம்பகமான கடையில் அசல் கார்டு வாங்குங்கள். போலிகள் நிறைய நடமாடுகின்றன. ஆல்பம் கைக்குப் போய்ச் சேரும் வரை எந்த கார்டையும் அழிக்கக் கூடாது.

ராவில்தான் எடுக்க வேண்டுமா என்றால், கல்யாணத்துக்கு ஆம். கூரைப்புடவையின் சிவப்பும், காஞ்சிப் பட்டின் ஜரிகையும், மாப்பிள்ளையின் வெள்ளைப் பட்டு வேட்டியும் ஒரே படத்தில் வருகின்றன. ஜரிகை சட்டென்று வெளுத்துவிடும். வெளிச்ச அளவைச் சற்றே குறைத்து எடுத்து, பிறகு கணினியில் முகத்தைத் தூக்கிக்கொள்ள ரா கோப்பில்தான் இடம் உண்டு.

பேட்டரியில் மிரர்லெஸ்காரர்கள் உஷாராக இருக்க வேண்டும். சர்வதேச அளவுகோலின்படி ஒரு முழு சார்ஜில் நிக்கான் டி750 எடுக்கும் படங்கள் 1,230. சோனி ஏ7 3 எடுப்பது 710. நிக்கான் இசட்6-க்கு 310 மட்டுமே. தொடர்ச்சியாகச் சுடும்போது இதைவிடக் கூடுதலாக வரும் என்றாலும், கண்பார்க்கும் திரை எப்போதும் எரிந்துகொண்டே இருப்பதால் மிரர்லெஸ் பேட்டரி வேகமாகத்தான் இறங்கும். கேமராவுக்கு மூன்று பேட்டரி, பிளாஷுக்கு எனிலூப் போன்ற ரீசார்ஜ் செல்களில் மூன்று செட் இருந்தால் கவலையில்லை. மண்டபத்தில் சார்ஜர் செருகும் இடம் எங்கே என்று போனவுடன் பார்த்து வைப்பது நல்லது. மணமகள் அறையில் அது எப்போதும் ஹேர் டிரையருக்குப் போய்விடும்.

பிளாஷ் வேண்டாம், இயற்கை வெளிச்சம்தான் என்று அடம்பிடிப்பவர்களை ரிசப்ஷன் மேடை மாற்றிவிடும். அங்கே மேலிருந்து ஊதாவும் இளஞ்சிவப்புமாக எல்இடி விளக்குகள் கொட்டும். மணமக்களின் முகம் பாதி நீலம், பாதி சிவப்பாக இருக்கும். எந்த மென்பொருளாலும் அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. தலையைத் திருப்பக்கூடிய ஒரு பிளாஷ் கட்டாயம் வேண்டும். கோடாக்ஸ் நிறுவனத்தின் பிளாஷ்கள் வந்த பிறகு இது நடுத்தரக் குடும்பத்துப் பையன்களுக்கும் எட்டும் விலைக்கு இறங்கியிருக்கிறது.

ஆனால் பிளாஷை மேலே திருப்பிக் கூரையில் மோதவிடும் வித்தையை இடம் பார்த்துச் செய்ய வேண்டும். வீட்டு நலங்கில் வெள்ளையடித்த தாழ்வான கூரை இருந்தால் அதைவிடச் சுகமான வெளிச்சம் கிடையாது. பெரிய மண்டபத்தில் கூரை எட்டாத உயரம். அடித்த வெளிச்சம் திரும்பி வராது. தெருவில் போட்ட ஷாமியானா பந்தல் என்றால் இன்னும் சிக்கல்: மேலே கட்டியிருக்கும் மஞ்சள், சிவப்புத் துணியின் நிறம் அப்படியே முகத்தில் இறங்கும். அங்கெல்லாம் ஸ்டாண்டில் ஒரு வெள்ளைக் குடையோ சாஃப்ட்பாக்ஸோ வைத்து, ட்ரிகர் மூலம் பிளாஷைப் பக்கவாட்டிலிருந்து எரியவிடுவதே மேல். ரிசப்ஷனில் வரிசையில் வந்து நிற்கும் குடும்பப் படங்களுக்கும் அதுவே போதும். அந்தக் குடும்பப் படங்களை 24 மி.மீ. அகலத்தில் எடுக்காதீர்கள், ஓரத்தில் நிற்கும் அத்தை பக்கவாட்டில் இழுபட்டு ஒன்றரை மடங்கு தெரிவார். 35-க்கு மேல் வைத்து, துவாரத்தை எஃப் 5.6-க்குக் குறைத்தால் பின்வரிசையும் தெளிவாக விழும்.

மேடைக்குப் பின்னால் எல்இடி திரை வைப்பது இப்போது வழக்கம். அதன் புள்ளிகளும் கேமரா சென்சாரின் புள்ளிகளும் ஒன்றோடொன்று மோதி அலை அலையாய்க் கோடு விழும். மணமக்களை நாலடி முன்னால் வரச்சொல்லி, துவாரத்தைத் திறந்து, பின்னணியை மங்கவிட்டால் தப்பிக்கலாம்.

இதோடு தொடர்புள்ள இன்னொரு தொல்லை, விளக்குகளின் சிமிட்டல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தரமில்லாத எல்இடி விளக்குகள் விநாடிக்கு 100 முறை பிரகாசம் ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது. விநாடியில் 500-இல் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தால் ஒரு படம் பளிச், அடுத்தது மங்கல், மூன்றாவதில் பாதியில் கறுப்புப் பட்டை. 100-இல் ஒரு பங்கு, 50-இல் ஒரு பங்கு ஆகிய வேகங்களில் இந்தத் தொல்லை அடங்கும். கேனான் 2014-இல் 7டி மார்க் 2 கேமராவில் சிமிட்டலை உணர்ந்து சரியான நேரத்தில் ஷட்டரைத் திறக்கும் வசதியைக் கொண்டுவந்தது; இப்போது பல கேமராக்களில் அது இருக்கிறது, ஆனால் மெனுவில் அணைந்துதான் இருக்கும். தேடி ஆன் செய்ய வேண்டும். சத்தமே வராத எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்தப் பட்டைகள் இன்னும் மோசமாக விழும் என்பதால், மண்டபத்தில் பழைய மெக்கானிக்கல் ஷட்டரே நல்லது.

காசு கொடுத்து வாங்க முடியாத ஒரு வெளிச்சமும் மண்டபத்தில் உண்டு: வீடியோகாரரின் லைட். லைட் பிடிக்கும் பையன் அதை நேரே முகத்தில் அடித்தால் மணப்பெண் கண்ணைச் சுருக்குவாள், எல்லாப் படமும் தட்டையாகும். அதே லைட் நாற்பத்தைந்து டிகிரி தள்ளி, சற்று உயரத்திலிருந்து வந்தால் யாருக்கும் கூடுதல் செலவில்லாமல் அழகு கூடிவிடும். வீடியோகாரரிடம் முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், “அண்ணே, தாலி கட்டும்போது நீங்க எங்க நிப்பீங்க? நான் அந்தப் பக்கம் போயிடறேன். லைட்டை மட்டும் கொஞ்சம் சைடுல வெச்சுக்கலாமா?” என்று மரியாதையாகக் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. அவர் நூற்றுக்கணக்கான கல்யாணம் பார்த்தவராக இருப்பார். எந்தச் சடங்குக்குப் பிறகு எது வரும் என்று அவரைப் போலச் சொல்லித்தர யாராலும் முடியாது.

கல்யாணம் எங்கே என்பதும் பையில் என்ன வைப்பது என்பதைத் தீர்மானிக்கும். கோயிலில் என்றால் முதலில் நிர்வாகத்தின் அனுமதி. தமிழகக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்ட பிறகு வாசலிலேயே கெடுபிடி அதிகம். பெரிய பையும் ஸ்டாண்டும் உள்ளே போகாது. ஒரு 35, ஒரு 85 பிரைம் லென்ஸ் போதும். தேவாலயத்தில் பாதிரியாரிடம் எங்கே நிற்கலாம், பிளாஷ் அடிக்கலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். பின்னாலிருந்து எடுக்கும்படி சொன்னால் நீண்ட லென்ஸ் கைகொடுக்கும். பல நிக்காஹ்களில் பெண்கள் பகுதிக்கு ஒரு பெண் கலைஞர் தேவைப்படுவார். அதை அன்று காலையில் தேட முடியாது.

இப்போதைக்குத் தேவையில்லாதவற்றையும் சொல்லிவிடுவோம். ட்ரோன் வேண்டாம், 2021 ட்ரோன் விதிகளின்படி பதிவும் பறக்கக் கூடாத பகுதிகளும் உண்டு, கூட்டத்தின் தலைக்கு மேல் பழகாத கையால் பறக்கவிடுவது ஆபத்து. கிம்பல் வேண்டாம். எஃப் 1.2 லென்ஸ் வேண்டாம். அதை முழுதாகத் திறந்தால் பெண்ணின் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் விழும். இந்தக் காசில் ஒரு சாதாரண இரண்டாவது பாடி வந்துவிடும்.

சின்ன விஷயம், ஆனால் பலரைக் கவிழ்த்த விஷயம் ஒன்று பாக்கி. குளிரூட்டிய மணமகள் அறையில் ஒரு மணி நேரம் படம் எடுத்துவிட்டு அப்படியே குளிரூட்டாத மண்டபத்துக்குள் வந்தால், வெளியே உள்ள ஈரக்காற்று குளிர்ந்த லென்ஸின் மேல் படிந்து வெள்ளையாகிவிடும். துடைக்கத் துடைக்க மறுபடி படியும். லென்ஸ் தானாக வெப்பமேறும் வரை பத்துப் பதினைந்து நிமிடம் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது கேமராவைப் பையில் போட்டு முன்கூட்டியே மண்டபத்தில் வைத்திருந்தால் அந்த நேரத்தில் அதுதான் காப்பாற்றும்.

ஆக, கையில் இருக்கும் கேமராவை விற்காதீர்கள். ஒரு எஃப் 1.8 லென்ஸும் ஒரு பிளாஷும் வாங்குங்கள். எஃப் 2.8 ஜூமையும் இரண்டாவது பாடியையும் வாடகைக்கு எடுங்கள், அல்லது நண்பரிடம் கேளுங்கள். அந்த இரண்டாவது கேமராவுக்கு எந்த வழியும் கிடைக்கவில்லை என்றால், முதன்மைப் புகைப்படக்காரராக இருக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். சித்தப்பாவிடம் நேராகச் சொல்லி, அனுபவமுள்ள ஒருவரை அமர்த்தச் செய்யுங்கள். அவர் முன்னால் நின்று எடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று அக்காவின் முகத்தை எடுங்கள்.